ஒண்ணாம் நம்பர்

இரண்டு கூட்டத்தாரின் பதில்களை அருகருகே வைத்துப் பார்க்குமுன், கேட்ட கேள்வி இரு கூட்டத்தாரின் காதிலும் ஒரே பொருளாக விழுந்ததா என்று சோதிப்பது தமிழ்ச்செல்வியின் வழக்கம். நிறுவனங்களுக்காகத் தொழிலாளரின் மனநிலையை அளந்து சொல்லும் ஆய்வாளர் அவள். "நெல்லை அளக்குமுன் மரக்காலைப் பார்" என்பாள் உதவியாளர்களிடம். செய்யாறு தொழிற்பேட்டையில் ஒருமுறை, 'கண்டிப்பான அதிகாரி' என்பதை ஆண்கள் வசையாகவும் பெண்கள் பாதுகாப்பாகவும் எடுத்துக்கொண்டதைக் கண்டுபிடித்து, அறிக்கையையே நிறுத்தி வைத்தவள்.

அந்த வழக்கத்தை ஒரே ஒரு முறை கைவிட்டாள். ஆரணிப் பட்டு முதலாளி சந்திரமோகன் அவசரப்படுத்தியபோது.

சந்திரமோகனிடம் வீடுகளில் கைத்தறி நெய்பவர்கள் ஒரு பிரிவு. விசைத்தறிக் கொட்டகையில் ஷிப்டுக்கு வருபவர்கள் மற்றொரு பிரிவு. கைத்தறிக்கு மேஸ்திரி நெடுஞ்செழியன், கொட்டகைக்கு ஜெயச்சந்திரன். இனி ஒரு மேஸ்திரி போதும், யாரை வைப்பது என்பதைத் தொழிலாளரே மதிப்பெண் போட்டுச் சொல்லட்டும் என்றார் முதலாளி. உதவியாளர்கள் எல்லோரையும் போனில் கேட்டார்கள்: "உங்க மேஸ்திரிக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள என்ன நம்பர் போடுவீங்க?" கூடவே, மேஸ்திரியை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எண்களில் ஐந்துதான் உயர்ந்தது என்று சொல்ல வேண்டுமென ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்ன?

கொட்டகையார் ஜெயச்சந்திரனுக்கு மூன்றும் நான்கும் போட்டார்கள். நெசவாளர்கள் நெடுஞ்செழியனுக்கு ஏறக்குறைய ஒரே குரலில் ஒன்று போட்டார்கள்.

"ஒரு சோதனை பாக்கி இருக்கு சார்" என்றாள் தமிழ்ச்செல்வி.

"பூஜைக்குள்ள முடிவு சொல்லணும்மா. சும்மா பேஜார் பண்ணாத. சோதனை கீதனைல்லாம் அப்பால வெச்சிக்க."

அவளும் தலையாட்டினாள்.

ஆயுத பூஜையன்று கூடம் நிறைந்திருந்தது. நெடுஞ்செழியன் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையுடன் அமர்ந்திருந்தார். தேசூர்ப் பக்கம் நிலமற்ற கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். மேஸ்திரியாக வந்த புதிதில் நெசவாளர் வீடுகளில் அவருக்கு மட்டும் காகிதக் குவளையில் காப்பி வரும். காலம் போகப்போக எவர்சில்வர் டம்ளர் வந்தது. பிறகு தறிமேட்டில் நெசவாளருக்குப் பக்கத்திலேயே உட்கார இடம் கிடைத்தது. அந்த இடத்தைச் சம்பளத்தைவிடப் பெரிதாக எண்ணியவர் அவர்.

ஐந்துதான் உச்ச மதிப்பெண் என்று மேஸ்திரிகள் இருவரிடமும் மட்டும் முன்பே சொல்லியிருந்தார் முதலாளி. இப்போது மைக்கைப் பிடித்தார். "நம்ம நெடுஞ்செழியனுக்குக் கைத்தறிக்காரங்க போட்டது ஒண்ணு."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் மூத்த நெசவாளர் பரசுராமன். சிலர் விசிலும் அடித்தார்கள்.

நெடுஞ்செழியன் மெல்லத் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் சிரித்தது. பரசுராமன் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக்கூடக் காட்டினார். நெடுஞ்செழியன் எழுந்து, யாரையும் தொட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, வாசலைக் கடந்தார். மகிழ்ச்சியில் வாயடைத்துப் போனார் என்று நெசவாளர்கள் நினைத்தார்கள். மறுநாள் அவர் இடத்தில் ஜெயச்சந்திரன் வந்து நின்றபோது ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று முதலாளி சொன்னதை நம்பினார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் போனாரே என்று வருந்தவும் செய்தார்கள்.

ஒரு காட்டில் சிங்கராஜா, "மேலே எது, காட்டுங்கள்" என்று குடிகளைக் கேட்டதாம். தலைகீழாகத் தொங்கிய வௌவால் தன் தலைக்கு நேரே தரையைக் காட்டியது. ராஜ நிந்தனை என்று அதன் சிறகை ஒடித்தார்கள். வௌவால் பொய் சொல்லவில்லை. அது எப்படித் தொங்குகிறது என்று நிமிர்ந்து பார்க்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.

கார்த்திகையில் ஓய்வாக இருந்த ஒரு நாள் தமிழ்ச்செல்வி அந்தப் பாக்கிச் சோதனையைச் செய்தாள். கொட்டகையில், அதிக எண் போட்டவர்கள் 'மேஸ்திரியை மாற்ற வேண்டாம்' என்றிருந்தார்கள். கைத்தறியிலோ, ஒன்று போட்டவர்களே 'மாற்ற வேண்டாம்' என்றிருந்தார்கள். ஒரே கேள்வி, இரண்டு கூட்டத்தில் எதிரெதிராகச் சாய்ந்திருந்தது. நெய்த புடவையை முதலாளி வாங்கும்போது சொல்லும் சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர். மூன்று கழிசல், ஒன்றுதான் உச்சம். நெசவாளர்கள் தம் மேஸ்திரிக்குத் தம்மிடமிருந்த உச்சத்தைக் கொடுத்திருந்தார்கள்.

முதலாளியிடம் ஓடினாள். அவள் சொன்னதை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"தெரியும்மா" என்றார்.

"எப்ப சார்?"

"கை தட்டுனாங்கள்ல, அப்பவே. நான் இன்னா வெளியூரா? பொறந்ததுலேர்ந்து ஒண்ணாம் நம்பர் பார்த்துகினு இருக்கறவன்."

"அப்ப ஏன் சார் சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? தறிக்காரன் எங்கிட்ட வர்றத உட்டுட்டு அவங்கிட்ட நியாயம் கேட்டுகினு இருந்தான். நானா அனுப்பியிருந்தா கொடி புடிச்சிருப்பாங்க. உன் கணக்கு அனுப்பிச்சுது. சத்தமில்லாம போய்ட்டான்." சிரித்தார். "நல்ல கணக்கும்மா."

செய்யாற்றில் ஒரு தொழிற்சாலை வாசலில் நெடுஞ்செழியனைப் பிடித்தாள். ஒப்பந்தத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அவள் சொன்னதை அவர் முகம் மாறாமல் கேட்டார்.

"கதை நல்லாத்தான் கீது மேடம். அவங்க சிரிச்சத நான் பார்த்தேன்."

"சந்தோஷத்துல சிரிச்சாங்க சார். தப்பு என்னோடது."

"அன்னிலேர்ந்து எவன் சிரிச்சாலும் என்னிய பாத்துதான்னு தோணுது. ஊட்ல புள்ளைங்க சிரிச்சாக்கூட." பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "எங்கிட்ட சொல்லி இன்னா? எல்லாரும் கூடியிருந்த எடத்துல மானம் போச்சு. அங்க போய்ச் சொல்லுங்க."

பொங்கல் விழாவில் புதிய ஆய்வை அறிவிக்க முதலாளி அவளை மேடைக்கு அழைத்தார். அதற்கான ஒப்பந்தம் அவள் பையில் இருந்தது. கூடம் நிறைந்திருந்தது.

"நெடுஞ்செழியன் சாருக்கு வேலை போனது என்னால" என்று தொடங்கினாள். "நீங்க போட்ட ஒண்ணை நான் மட்டம்னு எழுதிட்டேன். நீங்க அவரை வேணாம்னு சொன்னதா அவர் நெனச்சிகிட்டு இருக்காரு. இப்ப செய்யாத்துல பெட்டி தூக்கறாரு. இது முதலாளிக்கும்..."

மைக் செத்தது. சந்திரமோகன் சுவிட்சின் பக்கம் நின்றிருந்தார். "எறங்கும்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

பரசுராமன் எழுந்தார். "நாங்க தட்டுனதுக்கா போனாரு?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். பெரியவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நின்றார்.

தமிழ்ச்செல்வி இறங்கவில்லை. ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வெறுங்குரலில், அன்று வெற்றிலை மென்றபடி முதலாளி சொன்னதைச் சொல் மாறாமல் சொல்லி முடித்தாள்.