மணிக்காரர் நெற்றிக்கு எண்ணெய்

பூசை முடிந்து வந்த அமுதம் முக்காட்டைக்கூட எடுக்காமல் புருஷனின் கட்டிலண்டை வந்து நின்றாள்.

"யோவ், கேட்டியா? வர்ற ஞாயித்துக்கெழம வயசானவங்க, முடியாதவங்க எல்லாருக்கும் கோயில்லயே எண்ண பூசுறாராம் புதுச் சாமி. உன் பேரையும் குடுத்துட்டேன்."

மரியதாஸ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்? ஒரு காலு இழுத்துக்கிச்சு, கை நடுங்குது, நாலு அடி வெச்சா மூச்சு வாங்குது. நீ பூசிக்காம வேற யாரு பூசிப்பா? இது சாவுறதுக்கு இல்லியாம், தெம்புக்காம். சாமியே சொன்னாரு."

"அவருக்கு இன்னா தெரியும்? மீசையே இப்பத்தான் மொளைக்குது."

புதுச் சாமியாருக்குத் தெரியாதது மரியதாசுக்குத் தெரியும். முப்பது வருஷம் அந்தப் பங்குக் கோவிலில் சாமியாருக்குத் துணையாக இருந்த கோவில்பிள்ளை அவர். பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தக் கிறிஸ்தவ வீட்டில் மூச்சு இழுத்தாலும் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் போய்ச் சாமியாரைக் கூட்டி வருவார். நன்மை அப்பத்தையும், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயையும் நெஞ்சோடு அணைத்தபடி சாமியார் பின்னால் வர, இவர் கைமணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். கரும்பு வெட்டுகிறவர்கள்கூடக் கத்தியை நிறுத்திவிட்டு, யார் வீட்டுக்கு என்று எட்டிப் பார்ப்பார்கள்.

மணி போன வீட்டிலிருந்து மூன்றாம் நாளுக்குள் சவப்பெட்டி கிளம்பும். ஒன்றிரண்டு அல்ல, எல்லா வீட்டிலும் அப்படித்தான். சாமியாரை அழைத்தாலே கதை முடிந்தது என்று பயந்து, கண் செருகுகிற வரைக்கும் ஜனங்கள் அழைக்கவே மாட்டார்கள். அப்புறம் ஆள் எங்கே பிழைப்பது? இந்தக் கணக்கு மரியதாசின் மண்டையில் ஒருநாளும் ஏறவில்லை. படுத்துக் கிடப்பவர்கள் சாமியாரைப் பார்க்கமாட்டார்கள், இவர் கையிலிருக்கும் மணியைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கண்கள் மட்டும் அவர் மனசில் அப்படியே நின்றுவிட்டன.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. செபமாலையை எடுத்தால் மூன்றாம் மணியிலேயே எண்ணெய் ஞாபகம் வந்தது. இதில் வெட்கம் வேறு. எத்தனை பேருக்குத் தைரியம் சொன்ன வாய்! "பயப்படாத, ஆண்டவரு வர்றாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இப்போது அதே ஆண்டவர் தன்னிடம் வருகிறார் என்றதும் போர்வைக்குள் ஒளிகிறார்.

சாவு மட்டும் என்றால் எப்படியோ தேற்றிக்கொண்டிருப்பார். சாவுக்கு அப்புறம் கேட்கப்போகிற கேள்விதான் அவரை உலுக்கியது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு எஸ்தாக்கி காய்ச்சலில் கிடந்தான். மரியதாசோடு ஒரே ஏரியில் மீன் பிடித்து வளர்ந்தவன். அவன் பெண்சாதி அடைக்கலமேரி விடியற்காலையில் ஓடி வந்து, "அண்ணே, சாமியக் கூட்டியா" என்றாள். இவர் கிளம்பினார். ஏரிக்கரை வரைக்கும்தான் கால் போனது. மணி அடித்தால் எஸ்தாக்கி செத்துப்போவான், அடிக்காவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உச்சிப் பொழுது தாண்டிய பிறகுதான் பயம் பிடித்து ஓடினார். அப்போதிருந்த வெள்ளைக்காரச் சாமியார் வந்து சேர்ந்தபோது எஸ்தாக்கியின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை இல்லை, எண்ணெய் இல்லை. "சாமி நெட்டப்பாக்கம் போயிட்டாரு தங்கச்சி, தேடிப் புடிச்சிக் கூட்டியாந்தேன்" என்று அடைக்கலமேரியிடம் ஒரு பொய்யைச் சொன்னார். அவளும் நம்பினாள்.

அந்தப் பொய்யை எந்தச் சாமியாரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னால், போய் அவளிடம் சொல் என்பார்கள். மறைத்து வைத்துக்கொண்டே பத்தொன்பது பாஸ்காத் திருநாளுக்கும் நாக்கை நீட்டி நன்மை வாங்கினார்.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டுக் கண்ணையன் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கோவிலுக்குக் கொண்டுபோனான். நோயாளிகள் ஆறு பேர். ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாரையும் முதல் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள், அம்மை குத்த உட்கார வைக்கிற மாதிரி. கடைசி இடம் மரியதாசுக்கு. பக்கத்தில் யார் என்று திரும்பிப் பார்த்தார்.

அடைக்கலமேரி. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"நீயா அண்ணே? உன்னப் பாத்தாலே மணிச் சத்தம் கேக்குது."

"எனக்கும்தான்."

சாமியார் கைகளை விரித்து செபம் சொன்னார். பிறகு எண்ணெய்ச் சிமிழோடு முதல் ஆளிடம் வந்தார். தன் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்று மரியதாஸ் எண்ணினார்.

"நான் எழுந்து போயிடறேன்" என்று அடைக்கலமேரி முணுமுணுத்தாள். "எம் புருஷனுக்குக் கெடைக்காத எண்ண எனக்கு எதுக்கு? முந்தின நாளே உன்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தா சாமி ஊர்லயே இருந்திருப்பாரு. நான்தான் பாவி, விடியட்டும்னு இருந்துட்டேன். மோட்சத்துல அவரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

பத்தொன்பது வருஷமாகவா? தான் மட்டும்தான் சுமக்கிறோம் என்று மரியதாஸ் நினைத்திருந்தார். தன் பாரத்தை இவள் தலையிலும் ஏற்றிவிட்டது இப்போதுதான் தெரிந்தது. அவள் குச்சியை ஊன்றி எழப் பார்த்தாள். சாமியார் மூன்றாம் ஆளிடம் இருந்தார்.

மரியதாஸ் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தார்.

"உக்காரு தங்கச்சி. சாமி அன்னிக்கு ஊர்லதான் இருந்தாரு. நான்தான் போவல. மணி அடிச்சா எஸ்தாக்கி செத்துடுவான்னு பயந்து ஏரிக்கரையில உக்காந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

அடைக்கலமேரி அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் பிடியிலிருந்து தலைப்பை மெல்ல உருவிக்கொண்டாள், அவ்வளவுதான். சாமியார் முன்னால் வந்து நின்றார். அவள் நெற்றியைக் காட்டினாள், இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். கண்ணீர் தாடையில் வழிந்தது.

அடுத்து இவர். "மொதல்ல பாவசங்கீர்த்தனம் சாமி" என்றார். சாமியார் குனிந்து காதைக் கொடுத்தார். ஒரு தடவை வெளியே வந்துவிட்ட வார்த்தை இரண்டாம் தடவை தடங்கலில்லாமல் வந்தது. பாவமன்னிப்புக் கொடுத்த சாமியார் எண்ணெயைத் தொட்டார். விரல் நெற்றியில் பட்டதும் மரியதாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

வண்டியில் ஏற்றும்போது அடைக்கலமேரி குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"மூணு நாள்ல போயிடுவோம்னு நெனக்கிறியா?"

ஆமென்று அவர் தலையாட்டினார்.

"போவக் கூடாது. சாமி மன்னிச்சாரு, அது அவரு பாடு. நான் இன்னும் மன்னிக்கல. எனக்கு நாளாவும். அதுவரிக்கும் நீ உசுரோட கெடக்கணும், சொல்லிட்டேன்."

திங்கள் முழுக்க அவர் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தார். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை காலை வாசலில் குச்சிச் சத்தம் கேட்டது.

"இருக்கியா அண்ணே?"

"இருக்கேன் தங்கச்சி." அவர் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். "நீ... மன்னிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல" என்றாள் அடைக்கலமேரி. உள்ளே வந்து கட்டிலண்டை உட்கார்ந்து, அமுதத்திடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.