சிவப்பு வானமும் நைனாவோட பாடும்

நார்வேல டிசம்பர் மாசம் மத்தியானம் மூணு மணிக்கே நல்லா இருட்டிடும். அன்னிக்கு அமுதவல்லி லேப்ல இருந்து வெளிய வந்தா, வானத்துல பச்சை வெளிச்சம், துருவ ஒளின்னு சொல்றது, ஆடிக்கினு இருந்துச்சு. பச்சை அவளுக்கு பழகிப்போன ஒண்ணு. ஆனா பச்சைக்கு மேல, ரொம்ப ஒசரத்துல, செவப்பா ஒண்ணு பரவி நின்னுச்சு. ஒன்றரை வருசமா அவ படிச்சி கணக்கு போட்டதே அந்த செவப்ப பத்தி தான். கண்ணால பாக்குறது மொத தபா.

பாத்ததும் பழவேற்காட்டு ஏரி தான் நெனப்புக்கு வந்துச்சு. முகத்துவாரத்துக்கிட்ட எறா நல்லா விழற எடத்துல எல்லாரும் ஒண்ணா வலை போட முடியாது. மொறை வெச்சி தான் போடணும், அதுக்கு பேரு பாடு. பாடு வர்ற நாள்ல அவ அப்பா, நைனா துளசிங்கம், அவளையும் படகுல ஏத்திக்கினு போவாரு. பொழுது சாஞ்ச அப்புறமும் வடக்கால செவப்பு அடங்கலன்னா, காத்து வரும்னு படக திருப்பிடுவாரு. வேகவெச்ச பனங்கிழங்க ரெண்டு பேரும் கரையிலயே உக்காந்து நார் உரிச்சி தின்னுட்டு, வீட்டுக்கு வெறுங்கையோட போவாங்க. அவளுக்கு அந்த நாளுங்க தான் ரொம்ப புடிக்கும்.

போட்டோ எடுத்து வீட்டு குரூப்புக்கு அனுப்புனா. "வானத்த பாருங்க"னு ரெண்டே வார்த்தை. அத்தோட குளுருக்கு போன் அணைஞ்சிடுச்சு.

குப்பத்துல அப்போ ஏழரை மணி. அன்னிக்கி துளசிங்கத்துக்கு பாடு. வலைய ஏத்திக்கினு இருந்தவரு போன பாத்தாரு. வானத்த பத்தி படிக்கிற பொண்ணு, அவளே செவப்ப அனுப்பி பாருங்கன்னா சும்மாவா அனுப்புவா? ரெண்டு தபா கூப்ட்டாரு, கெடைக்கல. வலைய எறக்கிட்டாரு. அடுத்த மொறைக்காரன் தீனா எடத்த புடிச்சான். காத்து ஒரு இலைய கூட அசைக்கல. விடியறதுக்குள்ள தீனாவுக்கு அஞ்சு கூடை எறா.

குப்பமே சிரிச்சிச்சு. "இன்னா துளசி, நார்வேல மழை பேஞ்சா நீ இங்க கொடை புடிப்பியா"னு தீனா கேட்டானாம்.

சும்மா வராம போனா மொறை போச்சு, அடுத்த சுத்து வரைக்கும் கெடக்கணும். காத்துக்கு பயந்து எச்சரிக்கை கேட்டு நின்னவனுக்கு மட்டும் விட்ட மொறைக்கு பதிலா மறுபாடு குடுப்பாங்க. துளசிங்கம் கூட்டத்துல, எம்பொண்ணு சொல்லி தான் நின்னேன்னுட்டாரு. அப்போ அந்த பொண்ணையே கேட்டுடலாம்னாரு தலைவரு வடிவேலு.

அதுக்கு முன்னாடியே தம்பி அஜித்குமார் தனியா கூப்ட்டு சொல்லிட்டான், "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. நைனா மானம் நிக்கும்."

போன ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"அமுதா, நைனாவ நிக்க சொன்னது நீயா?" வடிவேலு கேட்டாரு. "நீ ஆமான்னா சரி. இனிமே நீ செவப்பு அனுப்பறப்பல்லாம் அத்தினி படகும் நிக்கும்."

அத்தினி படகும்னு கேட்டதும், சொல்ல வெச்சிருந்த ஆமாவ அவ விட்டுட்டா.

"இல்ல பெரியப்பா. பாக்க நல்லா இருந்துச்சு, அனுப்புனேன். அவ்ளோ தான்."

அப்புறம் யாரோ, அப்போ அந்த செவப்பு இன்னான்னு கேட்டாங்க. அவ சொன்னா. சூரியன்ல இருந்து வேகமா கெளம்பி வர்ற துகளுங்க மோதி, ஒசரத்துல இருக்கற ஆக்சிஜன் அணு இடி வாங்குது. வாங்குன சக்திய எறக்கி வெக்கணும். பச்சையா எறக்க ஒரு செகண்டு கூட ஆவாது. செவப்பா எறக்கணும்னா கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் யாரும் மேல மோதாம இருக்கணும். கீழ காத்து நெருக்கமா இருக்கறதால பக்கத்துல இருக்கறது வந்து மோதி, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே சக்திய புடுங்கிக்கும். எரநூறு கிலோமீட்டருக்கு மேல தான் மோத ஆள் கம்மி, அதனால செவப்பு அங்க மட்டும். நம்ம படக கவுக்கற காத்து அங்க கெடையாது.

"அப்போ மேலயும் பாடு மாதிரி தான் நடக்குது, எவனாவது குறுக்க வந்தா மொறை பூடும்"னு தீனா சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. மறுபாடு இல்லன்னு வடிவேலு முடிச்சிட்டாரு. போன் கட்டாயிடுச்சு.

அதுக்கப்புறம் பத்து நாளு அவ எப்போ கூப்ட்டாலும், நைனா கரைக்கு போயிருக்காருன்னே அம்மா செல்வம்மாள் சொன்னாங்க. லேப்ல மெஷின் ஓடிக்கினு இருக்கும், இவ போனையே பாத்துக்கினு நிப்பா. பனங்கிழங்கு நார் உரிக்கிற நைனா வெரலு தான் கண்ணு முன்னாடி நிக்கும்.

பதினோராவது நாளு அவரே குரல்ல பேசி அனுப்பியிருந்தாரு. பின்னாடி தண்ணி சத்தம்.

"அமுதா, வியாழக்கெழம நம்ம பாடு. அன்னிக்கு மட்டும் வானத்த அனுப்பாத, மத்த நாள்ல அனுப்பு. ரெண்டு நிமிஷம்னியே, உன் போட்டோவ வெச்சிக்கினு எண்ணிப் பாத்தேன்மா. யாரும் இடிக்காம அவ்ளோ நேரம் இருக்கறது லேசு இல்ல. நீ சாப்ட்டியா?"