பல்லிக்குப் பயந்து செய்த பெட்டி

இரண்டு மணிக்குத் தேர்வு. ஒன்றரைக்கு மறுபடியும் இணையம் போய்விட்டது. லேப்டாப்பில் அந்தச் சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகம். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்துப் பதியும் வேலை, வீட்டிலிருந்தே. ஸ்ரீரங்கம், தில்லைநகர் என்று நாலு அலுவலகம் ஏறி இறங்கி, "வயசு தாண்டிருச்சும்மா" என்று கேட்டு வந்தவள் நான். இதையும் விட்டால் எனக்கு வேறு வழியில்லை. தேர்வு நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வும் போச்சு. இரண்டு முறை அறுந்துவிட்டது. "இது கடைசி சான்ஸ், பாத்துக்குங்க அல்போன்சா" என்று அந்த அலுவலகத்து சுபஸ்ரீ மேடம் நேற்றே சொல்லிவிட்டார். இணைப்புக் கொடுத்தவர்களைக் கேட்டால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா" என்கிறார்கள். பண்ணிப் பண்ணி சுவர் சுவிட்சே தேய்ந்துவிட்டது.

மோடம் ஹாலில்தான் இருக்கிறது, என் வீட்டுக்காரர் செய்த பெட்டிக்குள். பிலோமின்ராஜ் துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் வெல்டர். மோடத்துக்குள் பல்லி போய்விடும் என்று யாரோ சொல்லப்போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரும்புத் தகட்டில் பெட்டி செய்து, பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டினார். கதவு, கீல், பூட்டு எல்லாம் உண்டு. "பூட்டு எதுக்குங்க?" என்றேன். "பெட்டின்னா பூட்டு வேணாமா?" என்றார். பற்றவைத்த இடம் தடவினால்கூடத் தெரியாது. வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரே ஒரு கோடு. கையெட்டும் தூரத்தில் ஒரு கோடா! மோடம் மேசை மேல் சும்மா கிடந்த முதல் வாரத்தில், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுகூட முழுசாகக் காட்டியதே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லிஃப்டில் கதவு மூடியதும் போன் பேச்சு அறுந்துபோகுமே, அதே கதை. பல்லி உள்ளே போகாமல் செய்தவர், வைஃபை வெளியே வராமலும் செய்துவிட்டார் மனுஷன். இத்தனை நாள் ஊரையெல்லாம் திட்டினேன், இந்தப் பெட்டியை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. எனக்காக ஆசையாகச் செய்தது அல்லவா.

சாவி அவர் சட்டைப்பையில். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்குத்தான் முடியும், அதுவரை போன் லாக்கரில் இருக்கும். மணி ஒன்று நாற்பத்தைந்து.

"மாதாவே, மன்னிச்சிரு" என்று இஞ்சி தட்டும் இரும்புக் குழவியைத் தூக்கினேன். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

கீழ்வீட்டு ராசாத்தி அக்கா பதறிப்போய், "என்னாச்சு அல்போன்சா?" என்று குரல் கொடுத்தார்.

"வேலைக்குப் போறேங்க்கா!" என்று கத்தினேன்.

அவசரத்தில் மோடத்தை இழுத்ததில் இணையம் வரும் மஞ்சள் வயர் கழன்றுவிட்டது. சிவப்பு விளக்கு. ஐயோ! வயர் முனையைத் துளையில் பொருத்தி அழுத்தினேன். டக். சிவப்பு அணைந்தது. பச்சை மினுக்கியது, நின்றது. வயர் எட்டிய இடத்தில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தேன். எல்லாக் கோடும் வந்துவிட்டது. மணி ஒன்று ஐம்பத்தேழு.

ஒரு மணி நேரம், ஒரு தடங்கல் இல்லை. கேள்விகளை அடித்து நொறுக்கினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மூன்று மணிக்கு சுபஸ்ரீ மேடம் திரையில் வந்தார். "தொண்ணூத்தாறு அல்போன்சா! திங்கக்கிழமை சேந்துருங்க. வேலைய இப்பவே சொல்லிர்றேன், குறிச்சுக்குங்க."

குறிக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. பிலோமின்ராஜ் உள்ளே வந்து, தரையில் கிடந்த பூட்டைப் பார்த்தார், வாய் பிளந்து நின்ற பெட்டியைப் பார்த்தார்.

"ஏய், பெட்டிய யாரு..."

திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன். "ஆபீஸ்ல இருக்கேங்க."

ஸ்டூல் மேலிருந்த மோடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குதிகாலைத் தூக்கியபடி அடுப்படிக்குப் போனார். ஓரக்கண்ணில் தெரிந்தது: சோற்றுப் பானையின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல், மெல்ல மெல்ல இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.