பன்னிரண்டு மணிக்குள் ஒருவன்

...ஹேலை வைத்துக்கொண்டால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான், முப்பத்தோரு வயது, இடது முழங்கால் போன வருஷமே போய்விட்டது, இருந்தாலும் ஆறு வருஷமாகக் கூடவே இருக்கிறவன், விசுவாசம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ப்ரூயிட்... இருபத்துமூன்று வயது, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஓடினால் எதிரே நிற்கிறவர்கள் கதவைப் போலத் திறந்துகொள்கிறார்கள், புத்தியுள்ள எவனும் இதற்கு அரை நிமிஷம்கூட யோசிக்கமாட்டான், டயர் கடையில் உட்கார்ந்து லைல் நாற்பது நிமிஷமாக யோசித்துக்கொண்டிருந்தான். மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குள் பெயரைச் சொல்லியாகவேண்டும். ஈரி நகரத்துப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் பத்துப் பேர், ஆளுக்கொரு கற்பனை அணி, அமெரிக்கக் கால்பந்தின் நிஜ ஆட்டக்காரர்களை வரிசைப்படி பங்குபோட்டு எடுத்துக்கொள்வார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் ஓடுகிற ஓட்டம் இங்கே இவர்களுக்குப் புள்ளியாக விழும், வருஷம் முடிந்தால் எல்லோரையும் விட்டுவிடவேண்டும், ஒரே ஒருவனை மட்டும் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். விளையாட்டுத்தான். விளையாட்டுத்தானே? பிறகு எதற்கு இந்த நாற்பது நிமிஷம்? கைப்பேசி துடித்தது, குழுவில் ஸ்டான் எழுதியிருந்தான்: "சாம்பியன் எங்கேப்பா? ஹேலுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கப் போயிருக்காரா?" அதற்குக் கீழே ஏழு பேர் சிரித்திருந்தார்கள். வெர்னன் சிரிக்கவில்லை. வெர்னன் பார்த்திருப்பானோ, பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறானோ...

சாம்பியன். அந்த வார்த்தையைக் கேட்டாலே காது மடல் சூடாகிறது. ப்ரூயிட், லைல் எடுத்த ஆள் அல்ல. வெர்னனுடைய ஆள். போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு டிப்போவில் வண்டி ஒதுக்குகிற கோனி சாவியை நீட்டி, "லைல், இன்னிக்கு நீ பதினாலாம் நம்பரை எடுத்துக்கோ, வெர்ன் வரமாட்டான், ரோசலிய ராத்திரி ஐசியூவுக்கு மாத்திட்டாங்களாம், நிலமை சரியில்ல" என்று சொன்னாள், ரோசலி வெர்னனின் பெண்டாட்டி, சொல்லும்போது கோனியின் கண் நனைந்திருந்தது, லைல்கூட "ஐயோ கடவுளே" என்று சொன்னான், உண்மையாகத்தான் சொன்னான், அதில் பொய் இல்லை. பிறகு வெர்னனின் பேருந்தை ஓட்டினான், வெர்னனின் பிள்ளைகளை ஏற்றினான், மதியம் பள்ளி விட இருபது நிமிஷம் இருந்தது, வெர்னனின் இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தான். பந்து பிடிக்கிற ஒரு கிழட்டு ரிசீவர் தன் அணியில் கிடந்தான், கெண்டைக்கால் தசை கிழிந்து இனி அந்த வருஷம் ஆடமாட்டான் என்று காலையில்தான் செய்தி வந்திருந்தது, மருத்துவமனை நடையில் நிற்கிறவன் அதையெல்லாம் எங்கே படித்திருப்பான்... அவனைக் கொடுத்து ப்ரூயிட்டைக் கேட்டான். 'ரெண்டு பேருக்கும் நல்லது வெர்ன்' என்று ஒரு வரியையும் சேர்த்தான். அந்த வரிதான். மற்றதை மறந்தாலும் அந்த வரியை மறக்க முடியவில்லை. நாலு நிமிஷத்தில் பதில் வந்தது, 'சரி.' அவ்வளவுதான். ரோசலி வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

சவ அடக்கத்துக்குப் போனான், உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் வேகவைத்து ஒரு பெரிய தட்டு கொண்டுபோனான், வெர்னன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதபோது, முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, மறுநாள் ஆட்டத்தில் ப்ரூயிட் இறங்குவானா என்று ஒரு நினைப்பு வந்துபோனது... வந்துபோனதா, வந்து நின்றதா? இறங்கினான். மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி குவித்தான். டிசம்பரில் லைல் ஜெயித்தான், பழைய பேருந்திலிருந்து கழற்றிய சிவப்பு 'நில்' பலகைதான் கோப்பை, வீட்டுக்குக் கொண்டுவந்து கார் கொட்டகையில் மாட்டினான், ஒரு வாரத்தில் எடுத்துப் பனிவாரும் மண்வெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கச் சாத்திவைத்தான். பெண்டாட்டி கேட்டதற்குத் துருப்பிடித்துவிட்டது என்றான்.

வழி ஒன்று இருக்கிறது, இருக்கத்தான் இருக்கிறது. ஹேலை வைத்துக்கொண்டு ப்ரூயிட்டை விட்டுவிடலாம். கடைசி இடத்தில் வந்தவன் வெர்னன், அதனால் வியாழக்கிழமை பங்கு போடும்போது முதலில் எடுக்கிறவனும் அவன்தான், ப்ரூயிட் தானாக அவனிடம் திரும்பிப் போய்விடுவான், யாரும் எதுவும் பேசவேண்டாம், மன்னிப்பு என்கிற வார்த்தையை வாயில் வைக்கவே வேண்டாம். எவ்வளவு சுத்தமான வழி! சுத்தம்தானா? திருடின பொருளை வேலிக்கு மேலாக வீசிவிட்டு ஓடுகிறவனும் இப்படித்தான் நினைப்பானோ... கைப்பேசி மறுபடி துடித்தது, குழு இல்லை, வெர்னன் கூப்பிடுகிறான்.

"டேய் லைல், என்னடா, இன்னும் பேர் குடுக்கலியாமே?"

"டயர் மாத்துறாங்க வெர்ன், அதான்..."

"டயர உன் கட்டைவிரல்லயா மாட்றாங்க? ஒரு பட்டன அமுக்குறதுக்கு என்னடா?"

"ஹேலை வெச்சுக்கலாம்னு பாக்குறேன்."

வெர்னன் பலமாகச் சிரித்தான், பின்னணியில் யாரோ புல் வெட்டுகிற இயந்திரச் சத்தம். "ஹேலா! அவன் படி ஏறினாலே மூச்சு வாங்குதுடா. ப்ரூயிட்ட விட்டா நேரா என் மடியிலதான் வந்து விழுவான், தெரியுமில்ல?"

"தெரியும்."

சிரிப்பு நின்றது. "ஓ," என்றான் வெர்னன். பிறகு, மெதுவாக, "வேணாம்டா. அவன எடுத்தது நான் இல்ல, ரோசலி. போன ஆகஸ்ட்ல லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு முழிச்சிட்டிருந்தேன், எட்டிப் பாத்துட்டு, இந்தப் பையன எடு, இவன் கோட்டத் தாண்டிட்டு டான்ஸ் ஆடறதில்ல, பந்த மரியாதையா ரெஃபரி கையில குடுத்துட்டுப் போறான்னு சொன்னா. இப்ப அவன் என்கிட்ட இருந்தா, ஒவ்வொரு தடவையும் பாத்தியாடி உன் பையனன்னு அந்த நாற்காலி பக்கம் திரும்பிடுவேன். என்னால முடியாது. உன்கிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு, இதைவிட நல்ல இடம் வராது... "வெர்ன், அன்னிக்கு நான் கேட்டப்போ..."

"அத விடு. அன்னிக்குப் பூரா ஃபோன் எடுத்தா அவளப் பத்தித்தான், எல்லாரும் எப்படி இருக்கா, எப்படி இருக்கா. நீ ஒருத்தன்தான் பந்தப் பத்திக் கேட்டே. எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு விட்டாப்புல இருந்துச்சு. உனக்கு அப்ப எங்க தெரிஞ்சிருக்கப் போவுது, பாவம்." புல் இயந்திரம் ஓய்ந்தது. வெர்னன் உடனே வைக்கவில்லை. "தெரியாதுல்ல?" என்றான்.

"ஆமா," என்றான் லைல். "தெரியாது."

"சரிடா. வியாழக்கிழமை பாக்கலாம். பீர் நீ கொண்டு வா."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு லைல் ப்ரூயிட்டின் பெயரை அழுத்தினான். குழுவில் ஸ்டான் ஏதோ எழுதினான், சிரிப்புகள் விழுந்தன, இந்தமுறை வெர்னனும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான், கடைக்காரர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து "உங்க வண்டி ரெடி சார்" என்று கூப்பிட்டார், லைல் எழுந்திருக்கவில்லை. தெரியாது. இத்தனை மாசமாக வாய் திறக்காமல் இருந்தது வேறு, இன்று வாயைத் திறந்து அதைச் சொன்னது வேறு... முகம் எரிந்தது, கழுத்து எரிந்தது, வெர்னன் எதற்கு அப்படிக் கேட்டான், அன்று அவன் பேருந்தை யார் ஓட்டினார்கள் என்று கோனி அவனிடம் சொல்லாமலா இருந்திருப்பாள், தெரிந்துகொண்டே கேட்டானா, ஒரு வாய்ப்புக் கொடுத்தானா, வியாழக்கிழமை அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது... வியாழக்கிழமை. வெர்னன்தான் முதலில் எடுப்பான். ப்ரூயிட் இல்லை என்றால் அந்த உயரமான புது ரிசீவர் மேல்தான் கை வைப்பான், அவன் சந்தேகப்பட்டு விட்டுவிட்டால் மற்றவர்களும் தொடமாட்டார்கள், லைலுக்கு ப்ரூயிட்டோடு சேர்ந்து அவனும் கிடைத்தால் கேட்கவே வேண்டாம், பீர் கொடுக்கும்போது போகிற போக்கில், 'அந்தப் புதுப் பையனுக்கு முதுகுல ஏதோ பிரச்சனையாமே வெர்ன்' என்று... கடைக்காரர் இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான், அந்த வாக்கியத்தை எந்தக் குரலில் சொன்னால் இயல்பாக இருக்கும் என்று தான் யோசித்துக்கொண்டிருந்தது லைலுக்குத் தெரிந்தது.