எனிட் ஹால்ஷா திரும்பப் பெற்ற தீர்மானம்

டெரெக் வாம்ஸ்லி குளிப்பதை நிறுத்தியது, பராமரிப்புக் கட்டணம் உயரப்போகிறது என்ற செய்தி வந்த வாரத்தில்தான். கால்டர்விக் நகரில் பஸ் ஓட்டியவன். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபின் நான்தான் காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அனுப்புவது நகராட்சி. பராமரிப்பு பெறுகிறவரின் வருமானத்தில் சாப்பாட்டுக்கும் மற்ற செலவுக்கும் இவ்வளவு என்று விட்டுவிட்டு, ஊனத்தால் ஆகும் கூடுதல் செலவையும் கழித்து, மிச்சத்திலிருந்து கட்டணம் வாங்குவார்கள்.

புதுத் தீர்மானம், அந்தக் கூடுதல் செலவை ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தொகையாகக் கழிக்கச் சொன்னது. டெரெக்குக்கு அது பாதிக்குக்கூடக் காணாது.

"காலையில வராதே லோர்னா. கட்டணம் ஏறுனா ரெண்டு வேளைக்கும் கட்ட முடியாது. சாயங்காலம் மட்டும் வா, போதும்" என்றான்.

"அப்ப குளிக்கிறது?"

"மழை பெய்யும்போது வாசல்ல நிக்கிறேன் கண்ணு. இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலமே, தீர்மானத்தை எழுதிய கவுன்சிலர் எனிட் ஹால்ஷாவுக்கு போன் போட்டுக் கண்டபடி பேசிவிட்டான். பராமரிப்புத் துறைக்குப் பொறுப்பு அந்த அம்மாதான். திட்டு வாங்கிய எந்தக் கவுன்சிலரும் வீடு தேடி வந்து நான் பார்த்ததில்லை. அவர் வந்தார்.

மெலிந்த பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். நனைந்த கோட்டைக் கழற்றிவிட்டு டெரெக்குக்கு எதிரே உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டேன்.

"போன்ல சொன்னதை நேர்லயும் சொல்லுங்க மிஸ்டர் வாம்ஸ்லி. கெட்ட வார்த்தை இல்லாம சொன்னா எனக்குச் சீக்கிரம் புரியும்."

டெரெக்குக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். "சரி அம்மணி. உங்க வீட்ல வாரத்துக்கு எத்தனை தடவை துணி துவைப்பீங்க?"

"ரெண்டு தடவை."

"எனக்கு தினமும். ஏன்னு லோர்னா சொல்லுவா, நான் சொல்ல மாட்டேன். நீங்க குளிருதுன்னா எழுந்து நடப்பீங்க. நான் ஹீட்டரைப் போடணும்."

அவர் மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "காலையில வர்றவங்களை ஏன் நிறுத்துனீங்க?" என்றார்.

டெரெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சனிக்கிழமை ரக்பி மேட்ச்சுக்கு டாக்ஸியில போவேன். வாரத்துல அந்த ஒரு நாள்தான் நான் மனுஷனா வெளிய போறது. குளியலை விட்டாத்தான் டாக்ஸிக்குக் காசு. மேட்ச் ஆடம்பரம்னு சொல்லுவீங்க, தெரியும்."

எனிட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேட்ச் டிக்கெட் உங்க செலவுதான். அதை நகராட்சி கழிக்க முடியாது. ஆனா மத்தவங்க பஸ்ல போறாங்க. நீங்க அந்த பஸ்ல ஏற முடியாததாலதான் டாக்ஸி. அந்த வித்தியாசம் ஊனத்தால வர்ற செலவு. அது என் தீர்மானத்துல அடங்கலை."

"நாப்பது வருஷம் நான் ஓட்டின பஸ் அம்மணி."

எனிட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த சில வாரங்களில் இன்னும் பல வீடுகளுக்குப் போனார் என்று என்னோடு வேலை செய்பவர்கள் சொன்னார்கள். மீதி நேரமெல்லாம் நிதி அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்தாராம்.

நகராட்சிக் கூட்டத்துக்கு டெரெக்கை நான் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். எனிட்டின் கட்சித் தலைவர் ரேமண்ட் பௌக்கர் முன்வரிசையில் தெம்பாக உட்கார்ந்திருந்தார். ஓட்டு அவர்கள் பக்கம்தான். எனிட் எழுந்தார்.

"எல்லாருக்கும் ஒரே தொகைன்னா அதுதான் நியாயம்னு நினைச்சு இதை எழுதினேன். எழுதறதுக்கு முன்னாடி நான் ஒரு வீட்டுக்கும் போகலை. போய்ப் பார்த்தப்புறம் தெரிஞ்சுது, அதிகம் முடியாதவங்ககிட்டதான் இது அதிகம் வாங்குது. அதனால திரும்பப் பெறுறேன்."

பௌக்கரின் கழுத்து சிவந்தது. "பற்றாக்குறையை யார் நிரப்புறது எனிட்? நீங்களா?"

"பாதியை நிரப்ப வழி இருக்கு. ஆத்தங்கரைப் பக்கம் நாம வாடகைக்கு எடுத்த கட்டடம் பாதிக்கு மேல காலியா கிடக்கு. அதைக் காலி பண்ணித் திருப்பிக் குடுத்துடலாம். மீதிக்கு, வசதியா இருக்கறவங்களுக்குக் கட்டணம் கொஞ்சம் ஏறும். அவங்ககிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

யாரும் கை தட்டவில்லை. நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. எதிர்க்கட்சியிலிருந்து சிலர் எனிட் பக்கம் வந்ததால் அவர் சொன்ன மாற்றுத் திட்டம் மயிரிழையில் நிறைவேறியது. டெரெக் தன் நல்ல கையால் தொடையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து அவன் செலவுகளைக் கேட்டுக் கணக்கிட்டார். கட்டணம் அடியோடு போகவில்லை. ஆனால் மேட்ச்சா குளியலா என்று யோசிக்க வேண்டிய நிலை போனது. காலையிலும் நான் போக ஆரம்பித்தேன்.

எனிட்டின் பொறுப்பைத்தான் பௌக்கர் பறித்துவிட்டார். எனிட் அதைப் பற்றிப் புலம்பி யாரும் கேட்டதில்லை. போகுமுன் ஒன்று செய்துவிட்டுப் போனார். கட்டணம் மாறும் முன்பெல்லாம் பராமரிப்பு பெறுகிறவர்களையே கூப்பிட்டுக் கேட்க ஒரு குழு. டெரெக்கையும் அதில் சேர்த்திருந்தார்.

அங்கே அவன் அதிகாரிகளைவிடக் கறார். போன மாதம் ஒருவர் தன் நாய்க்கு வாங்கும் தீனியையும் கழிக்க வேண்டும் என்றார்.

"நாய் உன்னைக் கூட்டிட்டுப் போகுதா, நீ அதைக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டான் டெரெக்.

"நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப அது உன் செலவு. அடுத்தவரு சொல்லுங்க."

பின்வரிசையில் சாதாரணக் கவுன்சிலராக உட்கார்ந்திருந்த எனிட், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.