முதல் முடி எந்தச் சாமிக்கு

தர்ஷனுக்குச் சித்திரையில் மூன்று வயது முடிந்துவிட்டது. பிறந்த முடி இன்னும் எடுக்கவில்லை. கோகிலவாணி தினமும் காலையில் எண்ணெய் தடவி, மகனுக்கு இரட்டைச் சடை போட்டுவிடுவாள். சங்ககிரி டவுன் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தர், "பாப்பா, இப்பிடி வந்து உக்காரு சாமி" என்று இடம் கொடுப்பார்கள். அவனும் கூச்சமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்வான். பஸ்ஸில் அது சிரிப்போடு போய்விடும். ஜூன் பிறந்தால் எல்.கே.ஜி. அங்கே மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா?

முதல் முடி அப்பன் வீட்டுக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். தர்ஷனின் அப்பன் வீட்டுக் குலதெய்வம் கரட்டுப்புதூர் முனியப்பன். ஆனால் கோகிலவாணி கைப்பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருசம் ஆகிறது. அங்கிருந்து ஒரு போன் இல்லை. இவளும் பேசவில்லை. பெரியவர்கள் மல்லுக்கு நின்றது முடிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு தின்ற கையோடு அண்ணன் மோகன்குமார் பேச்சை எடுத்தான். அவன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

"அவங்க கூப்புடுவாங்கன்னு காத்திருந்தா இவனுக்குச் சடைல பூ வெச்சுத்தான் பள்ளிக்கோடம் அனுப்போணும். வார அமாவாசைக்கு நம்ம அங்காளம்மன் கோயிலுக்கே போயிரலாம். வேனுக்குச் சொல்லிட்டேன். தாய்மாமன் எம்மடி இருக்குது, பொறகென்ன?"

அப்பா அங்கமுத்து கை கழுவப் போனவர் அப்படியே நின்றார்.

"அது ஆகாதுப்பா. அவங்க வம்சத்து முடி அது. நம்மாத்தா கையில வாங்கமாட்டா."

"ஏனுங்ப்பா, சாமி என்ன செக்போஸ்ட்டா? இந்தச் சரக்குக்கு இங்க பர்மிட் இல்ல, திருப்பிக்க வண்டியன்னு சொல்றதுக்கு?"

"வாய மூடுடா." அம்மா பழனியம்மாள் தட்டுகளை அடுக்கினாள். "நாளைக்குப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் கோயில மாத்துனதுனாலதான்னு பேசுவாங்க. அந்தம்மா வேற வந்து, எம்பேரன் முடிய எப்பிடி எடுப்பீங்கன்னு வாசல்ல நிக்கும்."

"நிக்கட்டுமே. பேரன் இருக்கற நெனப்பாச்சும் வந்துதேன்னு காப்பி வெச்சுக் குடு."

பேச்சு கோகிலவாணியின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் மகனின் சடையை அவிழ்த்துச் சிக்கெடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பாதான் அவளை அங்காளம்மன் முன்னால் நிறுத்தி, "இனி உனக்குச் சாமி அங்க, கண்ணு. கடசியாக் கும்புட்டுக்க" என்றார். அவள் கும்பிட்டாள், அழுதாள். போன வருசம் பொங்கல் வைத்தபோது பூசாரி ஒவ்வொரு பேராகச் சொல்லித் திருநீறு கொடுத்தார். அண்ணன் பேர் வந்தது. இவள் பேர் வரவில்லை. பக்கத்தில் நின்ற சின்னம்மா ஒரு சிட்டிகை கிள்ளிப் பூசிவிட்டாள். இப்போது பிள்ளையையும் அந்த வரிசையில் கொண்டுபோய், யாராவது கிள்ளிக் கொடுப்பார்களா என்று நிறுத்துவதா?

அவள் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். கல்யாணப் படங்களை எல்லாம் எப்போதோ அழித்துவிட்டாள். ஒன்றே ஒன்று பாக்கி. கரட்டுப்புதூர் முனியப்பன் காலடியில் மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். சாமி வானத்துக்குக் கீழே மீசையை முறுக்கி, கண்ணை உருட்டி உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், மேடையின் சுண்ணாம்புச் சுவரில், 'பொங்கல் வைக்க, முடி எடுக்க' என்று எழுதி அதன் கீழே பூசாரியின் நம்பர். விரலால் பெரிசாக்கினாள். மாப்பிள்ளை படத்தைவிட்டு வெளியே போனார். நம்பர் தெளிவாகத் தெரிந்தது.

"எந்த ஊட்டுக்காரங்க சாமி?" என்று கேட்டார் பூசாரி.

இரண்டு வருசமாக அவள் வாயால் சொல்லாத பேர். மாமனார் பேரைச் சொன்னாள். "அவங்க மருமகளுங்க. வார அமாவாசைக்குப் பையனுக்கு முடி எடுக்கோணும்."

"அட! அவங்க யாரும் சொல்லலியே?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க. நாங்களா வாரோம். வரலாமுங்களா?"

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. பூசாரி அதை அதட்டிவிட்டுப் பேசினார்.

"பூட்டறதுக்கு இங்க கதவே இல்லீங்க. மேல கூரையுங் கெடையாது. யார வராதீங்கன்னு சொல்றது? முடி எடுக்கறவருக்குச் சொல்லி வெக்கறேன். வெயிலுக்கு முன்னால வந்துருங்க."

திரும்பி வந்தபோது பர்மிட் சண்டை இன்னும் ஓயவில்லை.

"அண்ணா, வேன்காரர்கிட்டக் கரட்டுப்புதூர்னு மாத்திச் சொல்லீரு."

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "கூப்புடாத ஊட்டுக்காடி?"

"ஊட்டுக்கு இல்லீம்மா. கோயிலுக்கு." அவள் அப்பாவைப் பார்த்தாள். "நீங்கதானுங்ப்பா என்னய அந்தச் சாமிகிட்டக் குடுத்தீங்க. வெளிய போன்னு சொன்னது எம்மாமியாரு. சாமி ஒண்ணுஞ் சொல்லலீங்க."



"வம்புக்கு வந்தாங்கன்னா?" என்றான் மோகன்குமார். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"வரட்டும்ணா. பேரனுக்கு முடி எடுக்காதீங்கன்னு முனியப்பன் மூஞ்சியப் பாத்துச் சொல்றதுன்னாச் சொல்லட்டும். நீ மட்டும் மடிய விட்டு அவன எறக்காத."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போனவர் எருமைக்குத் தண்ணீர் காட்டினார், கட்டுத்தறியைக் கூட்டினார், கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினார். பொழுது இறங்கின பிறகுதான் வாசலுக்கு வந்தார்.

"அங்க தண்ணி இருக்குதா?"

"போர் இருக்குதுங்களாம். கரண்டு இருந்தா வருமுன்னாரு."

"கரண்ட நம்பி வெயில்ல பச்சப்புள்ள தலைய வெச்சுட்டு நிக்க முடியுமா?" அவர் மகளைப் பார்க்காமல் மகனைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு கேன் தண்ணி வேன்ல ஏத்திக்கடா. சந்தனம் நான் வாங்கிட்டு வாரேன்."

கோகிலவாணி தர்ஷனை மறுபடி இழுத்து முன்னால் உட்கார வைத்தாள். அமாவாசை வரைக்கும் சடை போட்டுத்தானே ஆக வேண்டும்.