அக்கா நிற்கும் பக்கம்

தரையில் எதையும் ஒட்டக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. தூணில் கயிறு கட்டக்கூடாது. அரண்மனை ஓட்டலாக மாறி எத்தனையோ வருடம் ஆகியும், அதன் மேலாளர் மட்டும் ராஜா எந்த நிமிடமும் திரும்பி வந்து கணக்குக் கேட்பார் என்பது போலவே நடமாடினார். யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், தன் பல்லையே பிடுங்கியது போல அவர் முகம் கோணிப்போகும்.

"தூக்கி வைங்க, தூக்கி வைங்க! பளிங்கு கீறிடும்!"

ஆறு மாதமாக இந்தக் கூடாதுகளோடு மல்லுக்கட்டியவள் கல்யாணப் பெண்ணின் அக்கா. நுழைவாயில் வளைவு தாழ்வானது, ஜெனரேட்டர் லாரி உள்ளே வராது என்று தெரிந்ததும், சிறியதாக இரண்டைப் பிடித்துப் பின்வாசல் வழியே கொண்டுவர ஏற்பாடு செய்தாள். குழாயைத் திறந்தால் சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் வரும் அறைகளைச் சின்னஞ்சிறுசுகளுக்கும், சத்தம் இல்லாதவற்றை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒதுக்கினாள். மண்டபத்து உத்தரத்தில் குடியிருக்கும் புறாக்களை என்ன செய்வது என்பதில் மேலாளருக்கும் அவளுக்கும் பெரிய சண்டையே நடந்தது. புறாக்களும் பாரம்பரியத்தில் சேர்த்தியாம். கடைசியில், புறா உட்காரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலியும் வராதபடி அவளே வரிசைகளை மாற்றிப் போட்டாள்.

இத்தனையும் அவள் இழுத்துப் போட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் விவாகரத்தாகி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, வீடே சாவு விழுந்தது போலக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. தங்கை மட்டும்தான் தலையணையோடு இவள் அறைக்குக் குடிவந்தாள். "என் கல்யாணத்துல நீதான்க்கா என் வலது பக்கம் நிக்கணும். நீ நிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றாள். அப்போது மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று எதுவும் கிடையாது. சும்மா சொன்ன பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். நாளைக்கு மேடையில் நிற்க, தங்கையின் சேலைக் கரைக்குப் பொருத்தமாக மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை எடுத்து, ரவிக்கையும் தைத்து, அறை அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள்.

இன்று மதியம் ஒத்திகை. நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்து ஆள் ஒருவன் வந்திருந்தான். பத்தடி தூரத்தில் இருப்பவனிடம் பேசவும் வாக்கிடாக்கியை எடுப்பான் என்பதால் அக்காவும் தங்கையும் அவனுக்கு வாக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டுவதுதான் அவன் வழக்கம். இங்கே அது நடக்காதே! அதனால் பேப்பர் கப்புகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் அம்மா, அப்பா, மாமா என்று எழுதியிருந்தான். பெண் வீட்டுக் கப்புகள் மேடையின் இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக் கப்புகள் அந்தப் பக்கம். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை.

தங்கை மாடியில் அலங்கார ஒத்திகையில் இருந்தாள். விளக்கு வெளிச்சம் சரிபார்க்க ஒரு பெண் வேண்டும்.

"மேடம், நீங்க கல்யாணப் பொண்ணு உயரம்தானே? அவங்க வர்ற வரைக்கும் நீங்க நடந்து காட்டுங்களேன்."

அக்கா பெண்ணைப் போல மாடிப்படியில் இறங்கி வந்தாள். மேடையில் நின்றாள். "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றான் வாக்கி. "அதுக்கு வேற ஆளைப் பாரு" என்றாள். மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, ஒரு மணி நேரம் அவள்தான் பெண்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியம்மா கைத்தடியோடு உள்ளே வந்தார். அன்று காலையில்தான் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர். பெண்ணைப் போட்டோவில் மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. நேரே மேடைக்கு வந்து அக்காவின் கன்னத்தைக் கிள்ளினார்.

"போட்டோல பாத்ததுக்கு நேர்ல நல்லா இருக்கியேம்மா! எங்க பையனுக்கு அதிர்ஷ்டம்தான்."

"நான் பொண்ணு இல்லங்க. பொண்ணோட அக்கா."

"அப்படியா? சரி, கிள்ளினது கிள்ளினதுதான். திருப்பி எடுத்துக்க முடியாது" என்று சொல்லிச் சிரித்தபடி, பெரியம்மா தன் பெயர் எழுதிய கப்பைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்.

தங்கை இறங்கி வந்தாள். வாக்கி கையைத் தட்டி எல்லாரையும் அவரவர் கப்பில் நிற்கச் சொன்னான். அப்பாவும் மாமாவும் தாங்கள் மிதித்துவிட்ட கப்புகளை ரகசியமாக நிமிர்த்தினார்கள். அக்கா பெண்ணுக்கான இடத்தை விட்டு விலகி, வலது பக்கம் தன் கப்பைத் தேடினாள். அங்கே அம்மா என்று எழுதியிருந்தது. அதற்கடுத்து அப்பா. அதற்கடுத்து மாமா, அத்தை. கடைசிக் கப்பைத் தாண்டித் தூண்தான் இருந்தது.

"தம்பி, என் கப்பு எங்க? மிதிச்சு நசுக்கிட்டீங்களா?"

வாக்கி வாக்கிடாக்கியைப் பார்த்தான். அது அவனுக்கு உதவவில்லை.

"மேடம்... நீங்க பின்னாடி இருந்து எல்லாத்தையும் பாத்துக்கறீங்கன்னு அம்மா சொன்னாங்களே? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவசர அவசரமாகப் புறாக்களைப் பார்த்தாள்.

அக்கா அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்னம்மா இது?"

"கத்தாதடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்காங்க."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

"நீ மேடையில நின்னுட்டா பூக்காரனுக்கும் சமையல்காரனுக்கும் யாரு பதில் சொல்றது? உன்னை விட்டா யாரு இருக்கா?"

"அதுக்குத்தானே மேடை நேரத்துக்கு ரெண்டு ஆள் தனியாப் போட்டேன்? நீயும்தானே பக்கத்துல இருந்து கேட்ட? வேற ஏதாவது சொல்லு."

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"அந்தப் பெரியம்மா பழைய காலத்து மனுஷி. வாழ்ந்து முடிச்சு வந்தவ பொண்ணு பக்கத்துல நிக்கறது அவங்களுக்கெல்லாம் பிடிக்காது. நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பேச்சுக்கு இடம் குடுக்கணும்? ஒரு மணி நேரம்தானே. அப்புறம் நீ எங்க வேணா நில்லு."

வாழ்ந்து முடித்து வந்தவள்! பெற்றவள் வாயிலிருந்து அது எவ்வளவு சரளமாக வந்தது! எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பாளோ என்று அக்கா நினைத்தாள். ஆறு மாதம் அவள் தொண்டை வறளப் பேசியபோது, லாரிக்காரனோடும் மேலாளரோடும் சண்டை போட்டபோது, அவளுடைய ராசி யாருக்கும் இடிக்கவில்லை. ஒரு மணி நேரம் பெண்ணாகவே மேடையில் நின்றபோதும் இடிக்கவில்லை. உண்மையான கல்யாணத்தில், உண்மையான தங்கை பக்கத்தில் நின்றால் மட்டும் இடிக்குமாம்.

அவள் திரும்பி நடந்தாள். மேடையைக் குறுக்கே கடந்து நேராக எதிர்வரிசைக்குப் போனாள். "ஏய், ஏய்!" என்று அம்மா பின்னால் ஓடி வந்தாள். மேலாளர், "ஓடாதீங்க, பளிங்கு!" என்றார்.

"பெரியம்மா, நான் மேடையில நிக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னு சொன்னீங்களாமே?"

பெரியம்மா கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"நானா? நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? இந்தத் தரையில வழுக்கி விழாம நிக்கறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு. இதுல அடுத்தவ எங்க நிக்கறான்னு பாக்கவா வந்தேன்?"

"எனக்கு விவாகரத்து ஆனது..."

"அது பொண்ணு பாத்த அன்னைக்கே எங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுல யாரும் அதப்பத்தி வாயே திறக்கல. உங்கம்மாதான் போன மாசம் போன்ல, பெரியவ மேடைக்கு வர மாட்டா, நீங்க கவலைப்படாதீங்கன்னாங்க. உனக்கு ஏதோ உடம்பு சரியில்லன்னு நெனச்சு, நான்கூட மாத்திரை எல்லாம் விசாரிச்சேனே!"

யாரோ சிரிக்கத் தொடங்கி, நிலைமையைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அக்கா அம்மாவிடம் திரும்பினாள். இப்போது அவள் குரல் உயரவில்லை.

"அவங்க கேக்கவே இல்லயாம்மா?"

"கேட்டா அசிங்கம்டி. கேக்கறதுக்கு முன்னாடியே நாமளே சொல்லிட்டா, அது நமக்கு ஒரு மரியாதை."

"யாரு மரியாதையை எடுத்து யாருக்குக் குடுத்த?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். பாதி முகத்துக்கு மட்டும் அலங்காரம் முடிந்திருந்த தங்கை, கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா... அம்மா போன வாரம் சொன்னாங்க. எனக்குப் பிடிக்கவே இல்லக்கா. நான் சரின்னு சொல்லல."

"வேணாம்னு சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலக்கா."

"ஒண்ணுமே சொல்லல!" என்றாள் அக்கா. அம்மா பேசியதைவிட இதுதான் அதிகமாக வலித்தது. போன வாரம் என்றால், அந்தச் சேலையைத் தோளில் போட்டுக்காட்டி, "கரைக்குப் பொருந்துதாடி?" என்று கேட்ட வாரம். "சூப்பரா இருக்குக்கா" என்று இதே வாய்தான் சொன்னது.

தங்கை அம்மாவின் கப்பைக் காலால் தள்ளினாள். "நீ இங்க வாக்கா. இப்பவே வா. யாரு என்ன சொல்றாங்கன்னு பாத்துடறேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலன்னு இப்பதானே எல்லாரும் கேட்டோம். இப்ப கூப்பிடறதுக்கு என்ன தைரியம் வேணும்?"

அக்காவின் கால் ஒரு கணம் அந்தப் பக்கம் நகரத்தான் பார்த்தது. அவள் அதை நகர விடவில்லை.

பெரியம்மா தொண்டையைக் கனைத்தார். "சண்டை நடக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கால் வலிக்குது. ஏம்மா, நீ இங்க வந்து என் பக்கத்துல நில்லேன். பிடிச்சுக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

அக்கா வாக்கியின் மேசையிலிருந்து புதிதாக ஒரு பேப்பர் கப்பை எடுத்தாள். பேனாவை வாங்கி அக்கா என்று எழுதி, பெரியம்மாவின் கப்பை ஒட்டிக் கவிழ்த்து வைத்து அங்கே நின்றாள். தங்கைக்கு வலது பக்கம் அல்ல, நேர் எதிரே.

"அங்க நின்னா ஊரு என்னடி சொல்லும்?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளை வீட்டுக்காரின்னு சொல்லும்."

பிறகு அவள் வந்து தன் கைப்பேசியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஆறு மாதமாகக் காதிலிருந்து இறங்காத கைப்பேசி. வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"எல்லாரும் ரெடியா? பொண்ணு மேல போங்க. மியூசிக்!" வாக்கி இதற்கு மட்டும் வாக்கிடாக்கியைத் தேடாமல் நேராகவே கத்தினான்.

தங்கை படியேறினாள். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அக்கா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தாள். பெரியம்மா எதையும் கேட்காமல் பிடியை மட்டும் இறுக்கினார்.

இசை தொடங்கிய அதே நொடியில் அம்மாவின் கையில் கைப்பேசி அலறியது. அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து, நிமிர்த்தி, "ஆங்? யாரு? எந்த வண்டி?" என்றாள். மண்டபம் முழுக்கத் தேடி, கடைசியில் வேறு வழியில்லாமல் எதிர்வரிசையைப் பார்த்தாள்.

"பூ வண்டி வந்துருச்சாம்டி. எந்த வாசல்ல விடணும்னு கேக்கறான்."

அக்காவுக்கு வாசல் தெரியும். ஓட்டுநர் பெயரும், வண்டி நிறமும், எந்த மரத்து நிழலில் நிறுத்தினால் பூ வாடாது என்பதும் தெரியும்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட வேலையெல்லாம் சொல்லலாமாம்மா?" என்றாள் அக்கா. "அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீயே போய்ப் பாத்துடு. அதுதான் மரியாதை."